கப்பலேறிய சம்பந்தி

எங்கள் அம்மாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். இரும்பு பீரோ ஒன்றைத் தனியாளாக மாடிக்கு ஏற்றுகிறேன் என்று முதுகில் சாத்திக்கொண்டு கிளம்பியவர், படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, கை கொடுக்கட்டுமா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, சும்மா நிக்கிறேன்" என்று சொன்ன மனுஷர் அவர். அந்த ரத்தம் என் அம்மாவுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை, என் தங்கைக்கும் வரவில்லை. எல்லாரையும் தாண்டிக் குதித்து, என் தங்கை மகள் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

நடக்கப் பழகுகிற வயதிலேயே, விழப்போகிறாளே என்று விரலை நீட்டினால் தட்டிவிடுவாள். விழுவாள், எழுந்திருப்பாள், நம்மை முறைப்பாள். தாய்மாமன் என்கிற உரிமையில் அவளுக்கு ஒத்தை என்று பட்டம் வைத்தது நான்தான். கல்யாணத்துக்கு அப்புறமும் அந்தப் பட்டம் போகவில்லை. புருஷன் வீட்டார் அதைச் சீர் வரிசையோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள்.

பார்க்கிற வேலையும் அப்படித்தான். நடுரோட்டில் நின்றுபோன கார், வேன் எல்லாவற்றையும் கொக்கி போட்டு இழுத்து வருகிற வண்டி ஓட்டுகிறாள். ஆரம்பத்தில் உதவிக்கு ஓர் ஆளைக் கொடுத்திருந்தார்கள். அவன் போட்ட முடிச்சு ஒரு நாள் நழுவி, இழுத்து வந்த கார் பின்னால் உருண்டு சாக்கடையில் போய் உட்கார்ந்தது. கார்க்காரர் இறங்கி வந்து, "முதல்ல வண்டி மட்டும்தான் கெட்டிருந்துச்சு, இப்ப சட்டையும் கெட்டுப்போச்சு" என்றாராம். அன்றிலிருந்து கொக்கியை அவளே மாட்டுவாள், கயிற்றை அவளே கட்டுவாள். மற்றவர்கள் செய்ய வேண்டியதெல்லாம், நின்றுபோன வண்டிக்குள் உட்கார்ந்து அவள் சொல்கிறபடி ஸ்டியரிங்கைப் பிடிப்பது. அவள் முன்னால் நின்று கையை வீசுவாள்: "வா, வா, லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி, நல்லா ஒடி, போதும், ரைட்டு." வண்டி ஓட்டுகிறவர்கள் பாஷையில் ஒடி என்றால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பு என்று அர்த்தம். தூக்கத்தில்கூட ஒடி, ஒடி என்று உளறுவாள் என்று மாப்பிள்ளை சொல்வார்.

மாப்பிள்ளை இவளுக்கு நேர் எதிர். பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. பத்து பேர் பக்கத்தில் இருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வேலை முடிந்து வந்ததும் வீட்டுக் கூடத்து மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டரைப் போட்டு விளையாட உட்கார்ந்துவிடுவார். நான் கண் ஆபரேஷனுக்காக இவர்கள் வீட்டில் வந்து தங்கிய சமயம் அது. டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த விளையாட்டு இப்படி. கட்டிய துணியோடு ஒரு கரையில் கண் விழிக்கிறோம். மரத்தை வெட்டிக் கோடாரி செய்ய வேண்டும், கல்லைத் தட்டித் தீ மூட்ட வேண்டும், வீடு கட்ட வேண்டும். பசிக்கும், குளிரும், ஓநாய் வரும். எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தபடி ஒரே உலகத்துக்குள் வந்து பிழைக்கிறார்கள். கூட்டமாகவும் பிழைக்கலாம், தனியாகவும் பிழைக்கலாம்.

மாப்பிள்ளையுடையது கூட்டம். அதற்குத் தலைவி அவருடைய அக்கா. ரயில் நிலையத்தில் ரயில் வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவள். அதனால் எல்லாரும் மைக் என்றுதான் சொல்வோம். இன்னொருவர், மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற நத்தை. அவர் இருக்கிற தெருவில் இணையம் நகராது. நாம் ஒன்று கேட்டால் அது அவருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் வருவதற்குள் நாம் கேட்டதே மறந்துவிடும். இன்னும் ஏழெட்டுப் பேர் வருவதும் போவதுமாக இருந்தார்கள். சத்தமான சத்தம். ஒருவர் மீன் பிடிப்பார், ஒருவர் சமைப்பார், யாரோ கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள், ஓநாய் உள்ளே வந்து மீனையும் தின்று சமைத்தவரையும் தின்றுவிட்டுப் போகும். அப்புறம் கதவைத் திறந்து போட்டது யார் என்று விடிய விடிய வழக்கு நடக்கும்.

ஒத்தையையும் இதில் ஒரு நாள் சேர்த்துவிட்டார்கள். முதல் நாளே பள்ளம் தோண்டச் சொன்னாள் மைக். இவள் தோண்டினாள். "அங்க இல்லம்மா, இங்க" என்றாள். இங்கே தோண்டினாள். "சரி, முதல்ல தோண்டுனதே இருக்கட்டும், இதை மூடிடு" என்றாள். இவள் பேசாமல் மூடினாள். பிறகு நான்கு கட்டையைச் சேர்த்துத் தெப்பம் கட்டி, யாரிடமும் சொல்லாமல் கடலில் இறங்கிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து படுக்கையறையில் இஸ்திரி மேஜை மேல் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அக்கரையில் ஒரு குன்றின் மேல் தனியாக வீடு கட்டினாள். பாறையைக் குடைந்து அடுப்படி, மழைத்தண்ணீர் பிடிக்கத் தொட்டி, மேலே ஏறியதும் உள்ளே இழுத்துக்கொள்கிற ஏணி. கூட்டத்தார் ஒரே நாளில் கட்டுகிற சுவர் இவளுக்கு ஒரு வாரம் ஆகும். ஆனால் ஒரு கல் கோணல் இருக்காது. ஒரு தடவை குழியில் விழுந்து, தூக்கிவிட ஆளில்லாமல் உள்ளேயே பட்டினி கிடந்து செத்து, மறுபடி கட்டிய துணியோடு ஆரம்பித்தாள். நான் பார்த்துவிட்டு, "சுவருக்கு இந்தப் பக்கம்தானே உன் புருஷன் உக்காந்திருக்கான், ஒரு குரல் கொடுத்தா என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மாமா, சும்மா விழுந்து கிடந்தேன்" என்றாள்.

பீரோ மாமாவே நேரில் வந்து சொன்னது போல இருந்தது.

தனிமைக்குத் துணையாக அவளுக்கு ஒரு ஜீவன் கிடைத்தது. காட்டில் திரிந்த ஒரு கோவேறு கழுதை. பழக்கவே முடியாத சாதி. பார்த்தால் உதைக்கும், தின்னக் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், முன்னால் போனால் பின்னால் வராது. நாள் கணக்கில் பணிவிடை செய்து அதைத் தன் குன்றுக்குக் கூட்டி வந்தாள். எவ்வளவு கவனித்தாலும் குறை சொல்கிற முகம் அதற்கு. அதனால் சம்பந்தி என்று பெயர் வைத்தாள். வேலையிலிருந்து வந்ததும் கை கால் கழுவுகிறாளோ இல்லையோ, சம்பந்தி சாப்பிட்டதா என்று போய்ப் பார்ப்பாள்.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. விளையாட்டை நடத்துகிறவர்கள் பழைய நிலத்தை மூடப்போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது கடல் ஏறி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வடக்கே புதுக் கரை திறந்திருக்கிறது. அதற்குள் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது மட்டும்தான் மிஞ்சும். ஆள் போக ஒரு தெப்பம் போதும். மிருகத்தை ஏற்றப் பெரிய கப்பல் வேண்டும். பெரிய கப்பல், நாலு பேர் இல்லாமல் பாய் விரிக்காது.

மாப்பிள்ளை கூட்டத்திடம் கப்பல் இருந்தது. ஆனால் வந்து போகிறவர்களெல்லாம் வராமல் போய், கடைசியில் மாப்பிள்ளை, மைக், நத்தை மூவர்தான் மிச்சம். அவர்களுக்கு ஓர் ஆள் குறைவு. இவளுக்கு மூன்று ஆளும் ஒரு கப்பலும் குறைவு. ஒரே சமையலறையில் சாப்பிடுகிற இரண்டு பேரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே, "கப்பல்னா நாலு பேர் வேணும்" என்பார், சோற்றிடம் சொல்வது போல. இவள், "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா?" என்பாள்.

ஞாயிறு காலையில் சம்பந்தியைத் தெப்பத்தில் ஏற்றிப் பார்த்தாள். தெப்பம் முழுகியது. இரண்டு தெப்பத்தைச் சேர்த்துக் கட்டிப் பார்த்தாள். நடுவில் பிரிந்துகொண்டது. சம்பந்தி முட்டளவு தண்ணீரில் நின்று இவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உண்மையான சம்பந்திகூட அப்படிப் பார்க்க மாட்டார். மத்தியானம் சாப்பாடு ஆனதும் இவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"கப்பல்ல இடம் இருக்கா?"

மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து விழாத குறை. "எத்தனை பேருக்கு?"

"எனக்கும் சம்பந்திக்கும்."

ஸ்பீக்கரில் மைக்கின் குரல் வந்தது. "சம்பந்தியா? யாருடா சம்பந்தி? எனக்குத் தெரியாம எந்தச் சம்பந்தம் பேசுனீங்க?"

"கழுதை அக்கா" என்றார் மாப்பிள்ளை.

"யாரைக் கழுதைங்கற?"

விளக்கி முடிப்பதற்குள் கடல் ஒரு முழம் ஏறிவிட்டது. கப்பலைத் துடுப்புப் போட்டே இவள் குன்றுக்கடியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உள்ளே அவர்கள் சேர்த்த செம்புப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. எல்லாம் மைக் சுரங்கத்தில் இருமி இருமித் தோண்டியது. சம்பந்தியை இடது பக்கக் கிராதியில் கட்டினாள் ஒத்தை. மாப்பிள்ளை கட்ட வந்தபோது, "நீங்க தொடாதீங்க" என்றாள்.

மைக் சுக்கான் பிடித்தாள். மாப்பிள்ளை பாயைப் பார்த்துக்கொண்டார். நத்தை உள்ளே ஊறுகிற தண்ணீரை இறைத்தார். ஒத்தை முன்னால் நின்று வழி பார்த்தாள். புறப்பட்டதும் பாய் புடைத்துக்கொண்டு கப்பல் எழும்பிய வேகத்தில் சோபாவில் இருந்த என் காலே தானாகத் தரையில் ஊன்றிக்கொண்டது. கொஞ்ச தூரம் போனதும் வெள்ளைச் சுவராக மூடுபனி. அதற்குள்ளிருந்து கறுப்பாக ஒரு பாறை நேராக வந்தது.

"அண்ணி, லெஃப்ட்ல ஒடிங்க" என்று கத்தினாள் ஒத்தை.

கப்பல் திரும்பவில்லை.

"லெஃப்ட்ல ஒடிங்க அண்ணி, நல்லா ஒடிங்க, இன்னும் ஒடிங்க."

படீர் படீர் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால், மைக் சுக்கானை விட்டுவிட்டு, கோடாரியை எடுத்து இடது பக்கக் கிராதியை வெளுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். பாறை கப்பலை உரசியது, கப்பல் சாய்ந்தது, ஒடிந்த கிராதியோடு சம்பந்தி வழுக்கிக்கொண்டு போய்க் கடலில் விழுந்தது.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"நீதானே ஒடிக்கச் சொன்னே? நல்லா ஒடி, இன்னும் ஒடின்னே. நானும் கை வலிக்க ஒடிக்கிறேன்."

"ஒடின்னா திருப்பறது. ஸ்டியரிங்க ஒடிச்சுத் திருப்பறது."

"ஸ்டியரிங்க ஒடிச்சுட்டா அப்புறம் எப்படித் திரும்பும்? நான் ரயில்ல வேலை பாக்கறவ. ரயிலுக்கு ஏதுடி ஸ்டியரிங்?"

இந்த நேரத்தில் நத்தையின் குரல், நிதானமாக: "கப்பல்ல தண்ணி ஜாஸ்தியா இருக்கே சிஸ்டர். எவ்வளவு இறைச்சும் குறையல."

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "டேய், நீ கடல்ல இருக்கடா."

கப்பல் சாய்ந்த செய்தி நத்தையின் தெருவுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. கப்பல் நகர்ந்துவிட்டது, அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். நாலாவது ஆள் இல்லை என்றதும் பாய் தொப்பென்று சுருண்டது. பனிக்குப் பின்னால் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் பிரச்சனையில்ல" என்றார் மாப்பிள்ளை. "நத்தை, நீ முழுகிச் செத்துரு. கப்பல்ல உன் படுக்கை இருக்குல்ல, அதுல எழுந்துருவே. உடனே கிளம்பிரலாம்."

அந்த விளையாட்டில் அப்படி ஒரு வசதி உண்டு. ஆளுக்கு உண்டு, கழுதைக்குக் கிடையாது. ஒத்தையின் முகத்தைப் பார்த்தேன். உதடு இறுகிப்போயிருந்தது. "நீங்க போங்க. நான் குதிச்சு நீந்திப் பாத்துக்கறேன்" என்றாள்.

"நீ குதிச்சா மறுபடியும் மூணு பேரு. கப்பல் இங்கயே நிக்கும். கணக்குப் படிச்சிருக்கியா?" என்றாள் மைக்.

நத்தையின் பதில் வந்து சேர்ந்தது. "நான் சாகலை. சம்பந்தி கயிறு என் கையில இருக்கு. நான் செத்தா அதுவும் போயிரும்."

மைக் தொண்டையைக் கனைத்தாள். "ஒடிச்சது நான். திரும்பிப் போலாம். துடுப்புப் போட்டுப் பின்னாடியே போக முடியும்ல? ஒத்தை, நீ வந்து சுக்கான் பிடி. ரிவர்ஸ் எடுக்கறது உன் வேலை. நான் பின்னாடி நின்னு சொல்றேன்."

மாப்பிள்ளை துடுப்புப் போட்டார். ஒடிந்த பக்கமாகத் தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. இறைக்க ஆள் இல்லை. பாரம் குறைத்தால்தான் உண்டு. மைக் ஒன்றும் கேட்கவில்லை, முதலில் கோடாரியை எறிந்துவிட்டு, தன் செம்புப் பெட்டிகளைத் தானே ஒவ்வொன்றாகக் கடலில் தள்ளினாள். தள்ளிக்கொண்டே வழி சொன்னாள். பதற்றம் வந்துவிட்டால் அவளுக்கு ஸ்டேஷன் பாஷைதான் வாயில் வரும்.

"கவனிக்கவும். பின்பக்கமாக வரலாம். வந்துகொண்டே இருக்கலாம். இடது புறமாக ஒடிக்கவும். மேலும் ஒடிக்கவும்."

"எதை அண்ணி?" என்றாள் ஒத்தை, சுக்கானை முழுக்கத் திருப்பிக்கொண்டே.

"என் தலையை. ஒடிடி, பாறை வருது."

அத்தனை அவசரத்திலும் சிரித்தோம். ஒத்தை கப்பலை எடுத்த எடுப்பு, நெரிசலான சந்துக்குள் லாரியைப் பின்னால் நுழைப்பது போல இருந்தது. பனிக்குள்ளிருந்து முதலில் இரண்டு நீளக் காது தெரிந்தது, அப்புறம் நத்தையின் தலை.

இனித் தூக்க வேண்டும். நங்கூரம் இழுக்கிற உருளையில் கயிற்றைச் சுற்றிக் கீழே விட்டாள் ஒத்தை. அவளுடைய வண்டியில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே உருளைதான். ஆனால் மறு முனையைச் சம்பந்தியின் இடுப்பில் கட்ட வேண்டியவர் நத்தை. இவள் குதித்துக் கட்டலாம் என்றால் உருளையைச் சுற்ற ஆள் இல்லை. மைக் பெட்டி தள்ளுகிறாள், மாப்பிள்ளை துடுப்பை விட்டால் கப்பல் பாறைக்குப் போய்விடும்.

"கயிறு கையில கிடைச்சுதா?" என்றாள். பதில் இல்லை.

"கட்டியாச்சா?" என்றாள். பதில் இல்லை.

தண்ணீர் தளத்தின் மேல் வந்துவிட்டது.

"ஆச்சு சிஸ்டர்" என்றார் நத்தை.

எது ஆச்சு? கயிறு கிடைத்ததா, கட்டியதா? முதல் கேள்விக்கு வந்த பதிலா, இரண்டாவதற்கா? கட்டாத கயிற்றை இழுத்தால் வெறும் கயிறுதான் மேலே வரும், மறுபடி விட நேரமில்லை. அவள் விரல் பொத்தான் மேல் நின்றது. அடுத்தவர் போட்ட முடிச்சை நம்பி இவள் எதையும் இழுத்ததில்லை. அந்தச் சாக்கடையும் அந்தச் சட்டையும் கண்ணில் வந்திருக்கும்.

"இழும்மா" என்றார் மாப்பிள்ளை.

"இருங்க." அவள் மேஜை மேல் இருந்த ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "அண்ணே, இப்ப சம்பந்தி என்ன பண்ணுது?"

காத்திருந்தோம். பெட்டி தள்ளுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"உதைக்குது சிஸ்டர். இடுப்புல கயிறு கட்டுனது அதுக்குப் பிடிக்கல."

இழுத்தாள். உருளை கறகறவென்று சுற்றியது. கயிறு விறைத்தது. முதலில் காது, அப்புறம் அந்தக் குறை சொல்கிற முகம், அப்புறம் நாலு காலும் ஆகாயத்தில் உதைத்துக்கொண்டே சம்பந்தி தளத்தில் வந்து இறங்கியது. முடிச்சு இம்மியும் நகரவில்லை. அதே கயிற்றைப் பிடித்து நத்தையும் தொங்கிக்கொண்டு வந்துவிட்டார். நாலு பேர் ஆனதும் பாய் தானாக விரிந்தது.

அப்புறம் ஓடிய ஓட்டம் இருக்கிறதே. பாரம் இல்லாத கப்பல் பறந்தது. மாப்பிள்ளை நின்றுகொண்டே விளையாடினார், நானும் என்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தேன். பின்னால் கடல் சுவராக எழும்பி வந்தது. அதற்குள் ஒத்தையின் குன்று, கோணலில்லாத சுவர், உள்ளே இழுத்த ஏணி எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. அவள் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அண்ணி, எந்தப் பக்கம் ஒடிக்கணும்?" என்றாள்.

"நேரா வா. ஒண்ணையும் ஒடிக்க வேண்டாம்."

சூரியன் முழுகவும் கப்பல் மணலில் ஏறவும் சரியாக இருந்தது. இறங்கினார்கள். நாலு பேரிடமும் ஒரு செம்புத் துண்டு இல்லை, ஒரு கோடாரிக் காம்பு இல்லை. இருந்தது சம்பந்தி மட்டும். அது மணலை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"புதுக் கரையும் பிடிக்கலையாம்" என்றாள் மைக். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஒத்தை, எங்கடி வீடு கட்டப் போற?"

"அந்தக் குன்று மேல."

"தனியாவா?"

"தனியாத்தான் அண்ணி. ஆனா மரத்தை மேல ஏத்த ஆள் வேணும். நாளைக்கு வரீங்களா?"

"வரேன். பள்ளம் நீ சொல்ற இடத்துலயே தோண்டறேன்."

சிரித்துக்கொண்டே மைக் விடைபெற்றுப் போய்விட்டாள். மாப்பிள்ளை பசிக்கிறது என்று சமையலறைக்குப் போனார். நான் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்ளத் தலையைச் சாய்த்தேன். ஒத்தை கம்ப்யூட்டரை அணைக்கக் கையை நீட்டினாள். அப்போது ஸ்பீக்கரில் நத்தையின் குரல், உற்சாகம் பொங்க:

"சிஸ்டர், கரை தெரியுது. அதோ, கரை தெரியுது."

நாங்கள் கரையேறிக் கதை பேசி முடித்தாயிற்று. அவருக்கு இப்போதுதான் கரை தெரிகிறது. அணைத்துவிட்டுப் போனால், போனது அவருக்குத் தெரியப்போவதும் இல்லை. ஒத்தை நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"வாங்கண்ணே, வாங்க. அப்படியே வாங்க. கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிங்க. ரைட்டு, ரைட்டு. நான் இங்கதான் நிக்கிறேன்."